இடது விலாவின் கீழே: வங்கத்துக் காய்ச்சல்களும் மண்ணீரலின் வரலாறும்

தெற்குக் கொல்கத்தாவின் ஜாதவ்பூரில், ராஜா சுபோத் சந்திர மல்லிக்கின் பெயர் தாங்கிய சாலையில், பல்கலைக்கழக வளாகத்தை அடுத்து இந்திய வேதி உயிரியல் நிறுவனம் அமைந்துள்ளது. 1935இல் மருத்துவ ஆய்வுக்கெனத் தொடங்கப்பட்டு, 1956இல் மைய அரசின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் கீழ் வந்த நிறுவனம் அது. காலா-அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி அங்கு நெடுங்காலமாக ஆராயப்பட்டுவருகிறது. அதே சாலையில், குமுத் சங்கர் ராயின் பெயரால் அமைந்த காசநோய் மருத்துவமனையின் பழைய வளாகத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நிறுவனத்தில் ஒட்டுண்ணியின் மூலக்கூறுகள் ஆராயப்படுகின்றன. எந்த மருத்துவக் கல்லூரியிலும் மாணவர்கள் அதைவிடப் பழைய ஒரு வித்தையில் தொடங்குகிறார்கள்: காய்ச்சல்காரரின் வயிற்றில் கை வைத்து மண்ணீரலைத் தேடுவது.

ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இந்தியாவின் காய்ச்சல் வரலாறு இந்த ஒற்றைத் தொடுதலைச் சுற்றியே பெரிதும் நகர்ந்திருக்கிறது. அதை வைத்து நிலத்தின் நலம் அளக்கப்பட்டது, கொலை மன்னிக்கப்பட்டது, புகழ்பெற்ற மருத்துவர்கள் தவறான முடிவுக்கு வந்தார்கள், அதே உறுப்பிலிருந்து எடுத்த ஒரு துளியில் உண்மையும் வெளிப்பட்டது. ஓர் உடற்குறி தனக்குத் தானே பொருள் சொல்வதில்லை, தொடுபவர் எந்தக் கேள்வியோடு வருகிறாரோ அதற்கேற்பவே அது வாசிக்கப்படுகிறது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தொடுதலின் இலக்கணம்

மண்ணீரல் இடது விலா எலும்புகளின் மறைவில் உள்ள உறுப்பு. நலமான பெரியவர்களிடம் பொதுவாக அது கைக்குத் தென்படாது. இயல்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு பருத்த பின்னரே விலா விளிம்புக்குக் கீழே எட்டிப்பார்க்கும். நோயாளி மல்லாந்து, முழங்கால்களைச் சற்று மடித்துப் படுக்க வேண்டும். அப்போதுதான் வயிற்றுத் தசை தளரும். பரிசோதிப்பவர் வலப்பக்கம் நின்று, கையை வலது அடிவயிற்றில் வைத்து, இடது விலாவை நோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்துவார். நோயாளி மூச்சை உள்ளிழுக்கும் ஒவ்வொரு முறையும் கை அசையாமல் காத்திருக்கும். உதரவிதானம் கீழிறங்க, மண்ணீரலும் இறங்கி வந்து விரல் நுனியை முட்டும்.

புதிய மாணவர் செய்யும் வழக்கமான பிழை, விலா விளிம்புக்கு அருகிலேயே தேடத் தொடங்குவதுதான். தொப்புளைத் தாண்டிப் பருத்த மண்ணீரலாயின் கை முதலிலேயே உறுப்பின் மேல் அமர்ந்துவிடும். விளிம்பு கிடைக்காததால் ஒன்றுமில்லை என்று எழுதிவிட நேரும். சிறிய வீக்கத்தைவிட மிகப் பெரிய வீக்கமே எளிதில் தவறவிடப்படும் முரண் இது.

விளிம்பைத் தொட்டுவிட்டால் நோய் தெரிந்துவிட்டதா? இல்லை. மலேரியா, காலா-அசார், டைபாய்டு, கல்லீரல் இறுக்கம், வங்கத்தில் பரவலாக உள்ள தலசீமியா, சில இரத்தப் புற்றுநோய்கள் என மண்ணீரலைப் பருக்கவைக்கும் காரணங்கள் பல. தமிழ்ச் சித்த மருத்துவ மரபு நோயின் அடையாளங்களைக் ‘குறிகுணம்’ என்ற ஒரே சொல்லில் தொகுக்கும். இன்றைய மருத்துவமோ நோயாளி தானே உணர்ந்து சொல்வதையும் பரிசோதிப்பவர் கண்டறிவதையும் இரண்டாகப் பிரிக்கிறது. நடுக்கமும் தலைவலியும் முதல்வகை. பருத்த மண்ணீரல் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக் குறிக்கு நோயாளியின் வாக்குமூலம் தேவையில்லை. அதன் வலிமை அதுவே. பின்னர் நேர்ந்த ஆபத்துகளுக்கு வழிவிட்டதும் அதுவே.

கால்வாயோரக் கிராமங்கள், 1845

மண்ணீரலைத் தொடுவது தனிநோயாளிக்கான பரிசோதனை என்ற நிலையிலிருந்து ஊர் முழுவதற்குமான அளவுகோலாக மாறியது இந்தியாவில்தான். மேற்கு யமுனைக் கால்வாயை ஒட்டிய கர்னால் படைமுகாம் காய்ச்சலால் பாழ்பட்டுக் கைவிடப்பட்டது. கால்வாய்ப் பாசனம்தான் நோய்க்குக் காரணமா என்பதை அறிய 1845இல் மூவர் குழு அமைக்கப்பட்டது. பேக்கர், யூல் ஆகிய இருவரும் பொறியாளர்கள், டெம்ப்ஸ்டர் மருத்துவர். குழுவின் அறிக்கை 1847இல் வெளிவந்தது. அந்த யூல்தான் பிற்காலத்தில், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெலுடன் சேர்ந்து, 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ சொற்களஞ்சியத்தைத் தொகுத்த ஹென்றி யூல். மொழியியல் மாணவர்கள் அகராதியாளராக மட்டுமே அறிந்த ஒருவரின் பெயர் மலேரியா வரலாற்றின் தொடக்கத்திலும் இருக்கிறது.

டெம்ப்ஸ்டர் முன்னிருந்த சிக்கல் கடினமானது. இறப்புப் பதிவேடுகள் நம்பத்தக்கவையாக இல்லை. காய்ச்சலோ வந்து போவது. விசாரிக்கச் செல்லும் நாளில் ஊரில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம். மலேரியா ஒட்டுண்ணியை லாவெரான் காண்பதற்கு இன்னும் 35 ஆண்டுகள் இருந்தன. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்ட உடலில் மண்ணீரல் பருத்தே இருக்கும். காய்ச்சல் போன பின்னும் அது சான்றாக நிற்கும். எனவே ஊர் ஊராகச் சென்று, எத்தனை பேரின் வயிற்றைத் தொட்டோம், அவர்களில் எத்தனை பேருக்கு மண்ணீரல் தென்பட்டது என்று அவர் கணக்கிட்டார். கால்வாயோரத்தில், அதிலும் வடிகால் கெட்டு நீர் தேங்கிய நிலங்களில், விகிதம் உயர்ந்திருந்தது. நோயின் காரணம் அறியப்படாத காலத்திலேயே நோயின் நிலப்படம் வரையப்பட்டுவிட்டது.

இந்த அளவுகோல் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் நிலைத்தது. 2 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளில் 10 விழுக்காட்டுக்குள் மண்ணீரல் பருத்திருந்தால் மலேரியா குறைவு, 50 விழுக்காட்டை இடையறாது தாண்டினால் மிகுதி என்னும் வகைப்பாட்டை 1950இல் கம்பாலாவில் கூடிய மலேரியா மாநாடு வகுத்தது. குழந்தைகளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஓயாத மலேரியாவுக்கு இடையே வளர்ந்தவர்களிடம் எதிர்ப்பாற்றல் கூடி மண்ணீரல் சுருங்கிவிடக்கூடும். குழந்தையின் வயிறு அண்மைக்கால வரலாற்றை மறைக்காமல் சொல்லும்.

வங்கத்தில் இக்கணக்குக்கு அரசியல் பொருளும் சேர்ந்தது. 1860களிலும் 1870களிலும் ‘பர்த்வான் காய்ச்சல்’ மேற்கு வங்க மாவட்டங்களைச் சூறையாடியது. 1864இல் அமைந்த விசாரணைக் குழுவில் இடம்பெற்ற திகம்பர் மித்ரா, சாலைகளும் இருப்புப்பாதைகளும் இயற்கை வடிகாலை மறித்ததே காரணம் என்று வாதிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் வங்கத்தின் பொதுச் சுகாதார இயக்குநரான சார்லஸ் பென்ட்லி, 1925இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை விரித்தார்: கரைகள் வெள்ளத்தைத் தடுத்தன, வண்டல் வயலை எட்டவில்லை, நிலம் மெலிந்தது, மலேரியா பெருகியது. குழந்தைகளின் இடது விலாவின் கீழே கண்டறிந்த வீக்கம் இருப்புப்பாதைக் கரையின் மீதான குற்றச்சாட்டுக்குச் சான்றாயிற்று.

ஆக்ராவின் முப்பது ரூபாய்

அதே குறி நீதிமன்றத்தில் வேறு விதமாக வாசிக்கப்பட்டது. 1875இன் இறுதியில், ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் குடும்பத்துடன் தேவாலயத்துக்குப் புறப்பட்டபோது வண்டி ஆயத்தமாகவில்லை. சினமுற்று, குதிரைக்காரர் கட்வாரூவை அடித்தார். அவர் விழுந்தார், சிறிது நேரத்தில் இறந்தார். பிணக்கூறாய்வு, நோயால் பருத்திருந்த மண்ணீரல் கிழிந்ததே இறப்புக்குக் காரணம் என்றது. நீதிபதி லீட்ஸ், ஃபுல்லர் காயம் விளைவித்தார் என்ற அளவில் மட்டும் குற்றம் கண்டு 30 ரூபாய் அபராதம் விதித்தார். 1876இல் அரசப் பிரதிநிதி லிட்டன் இத்தீர்ப்பைக் கண்டித்துக் குறிப்பு வெளியிட்டபோது இந்தியாவிலிருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்மீதே பாய்ந்தன.

இது தனித்த நிகழ்வன்று. வேலைக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஐரோப்பிய முதலாளிகளின் அடியால் இறந்த வழக்குகளில் பருத்த மண்ணீரல் மீண்டும் மீண்டும் எதிர்வாதமாக வந்தது. இதன் தருக்கம் நுட்பமாக ஆராயத்தக்கது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 299ஆம் பிரிவின் முதல் விளக்கம், ஏற்கனவே நோயுற்றவருக்கு உடற்கேடு விளைவித்து அவர் இறப்பை விரைவுபடுத்துபவர் அவ்விறப்பை விளைவித்தவராகவே கருதப்படுவார் என்றது. ஆகவே நோய் மட்டுமே காரணம் என்று கூறித் தப்ப இயலாது. ஆனால் அதே பிரிவு, அடித்தவருக்குக் கொல்லும் நோக்கமோ இறப்பு நேரக்கூடும் என்ற அறிவோ இருக்க வேண்டும் என்றது. எதிர்வாதம் நுழைந்த இடைவெளி இதுவே: விலாவின் மறைவில் பருத்திருந்த உறுப்பை அடித்தவர் எங்ஙனம் அறிவார்?

இக்கேள்வியை டெம்ப்ஸ்டரின் அறிக்கைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பொய்மை புலப்படும். மலேரியா மிகுந்த மாவட்டங்களில் ஏராளமானோருக்கு மண்ணீரல் பருத்திருக்கிறது என்பது கட்வாரூ இறப்பதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே அரசு அறிக்கையில் அச்சேறியது. அடித்து இறந்த செய்திகளே மீண்டும் மீண்டும் அதைப் பரப்பின. கணக்கெடுப்பில் எல்லாரும் அறிந்த பொதுவுண்மையாக இருந்த குறி, நீதிமன்றப் படியேறியதும் எவரும் அறியமுடியாத தனியொருவரின் குறையாக மாறியது. கால்வாயோரத்தில் அது நிலத்தையும் நிர்வாகத்தையும் சுட்டியது. நீதிமன்றத்தில் இறந்தவரின் உடலையே குற்றவாளி ஆக்கியது.

எல்லாம் மலேரியாதானா?

மூன்றாவது வாசிப்பு மருத்துவர்களுடையது. 1880களில் கார மலைப்பகுதியிலிருந்து அசாம் சமவெளிக்கு ஒரு காய்ச்சல் இறங்கியது. நீண்ட காய்ச்சல், எலும்பு தெரியும் மெலிவு, கருத்த தோல், வயிற்றை நிறைக்கும் மண்ணீரல். மருந்து பெறாதவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. மக்கள் இதைக் காலா-அசார் என்றார்கள். ‘அசார்’ பாரசீக வழிவந்த சொல். நோய் என்பது பொருள். ‘காலா’ என்பதைக் கருமை என்று கொள்வதே பெருவழக்கு. இறப்பைக் குறிக்கும் ‘கால்’ என்று கொள்வாரும் உளர். இதே நோய்க்குச் ‘சர்க்காரி பேமாரி’ என்ற பெயரும் வழங்கிற்று: அரசாங்க நோய். ஆங்கிலேய ஆட்சியோடு சேர்ந்து வந்தது என்ற மக்களின் கணிப்பு அப்பெயரில் பதிந்திருக்கிறது.

மருத்துவர்களின் கணிப்போ தடுமாறியது. ஜைல்ஸ் இதைக் கொக்கிப்புழு நோய் என்றார். 1890களின் நடுவில் ஆராய்ந்த லெனர்ட் ராஜர்ஸ் இது கடுமையான மலேரியா என்றார். மலேரியாவில் கொசுவின் பங்கைக் கண்ட ரொனால்ட் ராஸும் அம்முடிவுக்கே வந்தார். அறியாமையால் விளைந்த பிழையன்று இது. காய்ச்சலோடு பருத்த மண்ணீரல் இருந்தால் மலேரியா என்னும் வாசிப்பு அரை நூற்றாண்டாக அத்தனை வெற்றிகரமாக இயங்கியதால், கைக்குக் கிடைத்த குறி வேறொன்றையும் சொல்லக்கூடும் என்று எண்ண இடமே இல்லாமல் போயிற்று.

கூர்ந்து நோக்கினால் வேறுபாடுகள் இருந்தன. மலேரியாக் காய்ச்சல் குளிர், வெப்பம், வியர்வை என முறைவைத்து வந்து போகும். காலா-அசாரில் காய்ச்சல் நாளுக்கு இருமுறை ஏறுவதுண்டு. மலேரியாவில் நோயாளி படுத்துவிடுவார். காலா-அசாரில் நாக்கு வெளுக்காது, பசியும் கெடாது, உடல் மட்டும் உருகும். கொயினா மருந்துக்குக் காய்ச்சல் மசியாது. இவை தனித்தனியே நிற்கும்போது உறுதியற்றவை. மண்ணீரலோடு சேர்த்து வாசித்தால்தான் பொருள் தருபவை.

முடிச்சை அவிழ்த்தவர்கள் மண்ணீரலை வெளியிலிருந்து தொட்டதோடு நில்லாமல் அதன் உள்ளே பார்த்தவர்கள். கொல்கத்தாவின் வடக்கே டம்டம் படைமுகாமில் பணியாற்றி, இங்கிலாந்து திரும்பி 1900இல் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். 1903 மே மாதம் அதை வெளியிட்டார். அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், கொல்கத்தாவில் பிறந்தவரான சார்லஸ் டோனோவன், இறந்தவர்களின் மண்ணீரலில் அதே உருண்டைகளைக் கண்டிருந்தார். ஜூன் 17 அன்று, உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த துளியிலும் அவை இருந்தன. பிணத்தில் கண்டவை அழுகலால் விளைந்தவையோ என்ற ஐயம் அத்துடன் நீங்கியது. இருவர் பெயரையும் இணைத்து ராஸ் சூட்டிய பெயரே லீஷ்மேனியா டோனோவனி. தம் முந்தைய முடிவைப் பொய்யாக்கிய ஒட்டுண்ணிக்கு ராஸே பெயரிட நேர்ந்தது.

ஒரு நூற்றாண்டின் மலேரியா வேறாகவும் காலா-அசார் வேறாகவும் பிரிந்ததும் மருந்து தேடும் வழி திறந்தது. கொல்கத்தாவின் கேம்பெல் மருத்துவமனையில், மின்விளக்கும் இல்லாத ஒரு சிற்றறையில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920இல் யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆண்டிமனிச் சேர்மத்தை உருவாக்கினார். அதுவரை ஏறத்தாழ மரண தண்டனையாக இருந்த நோய் குணமாகும் நோயாயிற்று. அம்மருத்துவமனை இன்று நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

பிரம்மச்சாரியின் மற்றொரு பங்களிப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குணமாகிப் போனவர்களுள் சிலர் பின்னர் வெளிறிய திட்டுகளும் முண்டுகளும் தோலில் தோன்றத் திரும்பி வந்ததை அவர் 1922இல் விவரித்தார். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, மண்ணீரலும் அடங்கியிருந்தது, தோலில் மட்டும் ஒட்டுண்ணி உயிரோடிருந்தது. பார்வைக்குத் தொழுநோய் போலத் தோன்றும் இத்திட்டுகள் வலிப்பதில்லை. எனவே நோயாளிகள் மருத்துவரைத் தேடுவதுமில்லை. ஆனால் மணல் ஈ கடித்தால் நோய் அவர்களிடமிருந்து அடுத்தவருக்குச் செல்ல இயலும். இடது விலாவின் கீழே மட்டுமே குறியைத் தேடப் பழகிய கைக்கு இது எச்சரிக்கை.

சொல்லில் தங்கிய உறுப்பு

வடமொழி ‘ப்லீஹா’ வங்க மொழியில் ‘பிலே’ என்று திரிந்தது. அஞ்சித் திடுக்கிடுவதை வங்காளிகள் ‘பிலே சமகானோ’ என்பார்கள். மண்ணீரல் அதிர்ந்தது என்பது நேர்ப்பொருள். தமிழர் ஈரக்குலை நடுங்கும் இடத்தில் வங்காளிக்கு மண்ணீரல் துள்ளுகிறது. தமிழ் மரபுத்தொடர் வயிற்றுறுப்புகளைக் கொத்தாகச் சுட்ட, வங்கத் தொடர் அவற்றுள் மண்ணீரலைத் தனியே எடுத்துக்கொண்டது. தமிழிலும் இதன் தடம் இல்லாமலில்லை: காய்ச்சலால் பருத்த மண்ணீரலைக் ‘காய்ச்சற்கட்டி’ என்னும் சொல் காரணத்தோடு சேர்த்தே பெயரிடுகிறது. மருத்துவர் தேடிக் கண்டறிவதற்கு முன்பே, தம் குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்த்த தாய்மார்கள் இக்குறியை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இச்சொற்களே சான்று. நீதிமன்றம் எவரும் அறியமாட்டார் என்று கருதிய ஒன்று பேச்சுவழக்கில் புழங்கியது.

இன்று காலா-அசாரை உறுதிசெய்ய மண்ணீரலில் ஊசி குத்த வேண்டியதில்லை. அது இரத்தப்போக்கு அபாயம் உடைய பரிசோதனை. அதன் இடத்தில் விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தில் நிமிடங்களில் விடை சொல்லும் பட்டைச் சோதனை வந்துவிட்டது. வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதை உலக நலவாழ்வு அமைப்பு 2023இல் ஏற்றது. இந்தியாவின் இலக்கு, ஒவ்வொரு வட்டாரத்திலும் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயை அடக்கி, அந்நிலையைத் தக்கவைப்பது.

ஆயினும் பட்டைச் சோதனை யாருக்குச் செய்யப்படும் என்பதை முடிவுசெய்வது இன்றும் பழைய தொடுதலே. நோயுள்ள பகுதியில் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், கைக்குத் தென்படும் மண்ணீரல்: இவ்விரண்டும் இருந்தால்தான் ஒருவர் ஐயத்துக்குரியவராகப் பதியப்படுவார். நோய் அருகிவரும் காலத்தில் இதன் பொறுப்பு கூடுகிறது, குறைவதில்லை. நூறு வயிறுகளில் ஐம்பது பருத்திருந்த காலத்தில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஊரின் நிலை தெரிந்துவிடும். பத்தாயிரத்தில் ஒருவர் என்ற நிலையில் அந்த ஒருவர் தவறினால் நோயே மறைந்ததாகத் தோன்றும். பரிசோதிப்பவரின் கை வலது அடிவயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். விளிம்பு தென்பட்டால் மலேரியா என்று அங்கேயே நின்றுவிடக் கூடாது. முன்பு குணமானவர் வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லி நல்ல வெளிச்சத்தில் தோலையும் பார்க்க வேண்டும். பாடநூலில் மூன்று வரிகளில் அடங்கிவிடும் இவ்விதிகளைக் கற்றுக்கொள்ள வங்கமும் அசாமும் சென்னையும் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டன. அதற்கான விலையைக் கொடுத்தவர்களில் கட்வாரூவைப் போலப் பெயர் எஞ்சியவர்கள் மிகச் சிலரே.